225 காணாது எண்டு போனனான்: ரெண்டு டொக்டர்மாரும் ஒரு சுண்டு அரிசியும்

நான் யாழ்ப்பாணத்தில பதினெட்டு வருஷமா சாறி பிளவுஸ் தைக்கிறன். ஒரு பொம்பிளை படியேறி உள்ளுக்கு வரேக்கையே அவவின்ர நெஞ்சளவு என்ன, கையளவு என்ன எண்டு நாடா எடுக்க முதலே எனக்குப் பிடிபட்டிடும். அரை இஞ்சிக்கு மேல பிழைச்சது குறைவு. என்ர அளவு என்னவா இருக்கோணும் எண்டு மட்டும் பதினொரு வருஷமா எனக்கே சொல்லத் தெரியேல்லை.

2014 இல சென்னையில நெஞ்சைப் பெருசாக்க உள்ளுக்கு வைக்கிற சிலிக்கன் பை, அதான் இம்ப்ளாண்ட், வைச்சனான். ரெண்டு பக்கமும் 225 சிசி; ஒரு சிசி எண்டா ஒரு மில்லிலீற்றர். இந்த வருஷம் அதை எடுத்துப்போட்டு 400 வைப்பம் எண்ட யோசினையில கொழும்பில ஒரு டொக்டரையும் சென்னையில ஒரு டொக்டரையும் போய்ப் பாத்தனான். நான் இங்க மதிப்புப் போடப் போறது அந்த ரெண்டு ஆலோசனைக்கும்தான். ஒப்பரேஷன் இன்னும் செய்யேல்லை. இடத்தின்ர பேர், ஆளின்ர பேர் ஒண்டும் போடேல்லை. ஒரு இடத்தைப் பேசப் போறன், அதால போடேல்லை. மற்ற இடத்தைப் புகழப் போறன், ஆனா அங்க இஞ்ச இருந்து போற ஆக்கள் குறைவு. பேரைப் போட்டா நான் ஆரெண்டு அடுத்த தேருக்கு முதல் ஊருக்கே தெரிஞ்சிடும்.

முதல் ஏன் 225 எண்டதைச் சொல்லோணும். ரெண்டு பிள்ளையளுக்கும் பால் குடுத்து முடிய, மேல்பக்கம் ஒண்டுமே இல்லாமல் வத்திப் போச்சு. என்ர பிளவுசுக்கு நானே ரெண்டு கப் வைச்சுத் தைச்சுக் கொண்டு திரிஞ்சனான். ஊர்ப் பொம்பிளையளுக்கெல்லாம் ஒரு கப், எனக்கு ரெண்டு. அப்ப 32 வயசு. சென்னை டொக்டரிட்ட நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்: "பாக்கிற சனத்துக்கு விளங்கக்கூடாது." அவர் சிரிச்சுப்போட்டு 225 எண்டவர். முதல் மூண்டு மாசம் வீக்கத்தோட பெருசா இருந்தது. நான் சரியான சந்தோஷம். பேந்து வீக்கம் வத்தி, இம்ப்ளாண்டும் கீழ இறங்கித் தன்ர இடத்தில இருந்தோடன, அந்த மூண்டு மாச ஆளைக் காணேல்லை. வடிவில்லை எண்டு சொல்லேலாது. நல்ல வடிவு. ஆனா ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அம்மாவுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. நான் காசு குடுத்துக் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைச்சது, பேந்து அதுவே காணாமல் போச்சு.

தெரிஞ்ச ஆக்கள் ரெண்டு பேர். ஒண்டு இவர். "உனக்குச் சரியெண்டா சரி" எண்டதுக்கு மேல இந்த விஷயத்தில ஒரு சொல்லும் வாயால வராது; வாகனத்துக்கு ரயர் மாத்துறதெண்டா ஒரு மணித்தியாலம் கதைப்பார். மற்றது கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற மச்சாள். அவ வீடியோவில வந்தாலே, "இந்த முறை பயப்பிடாமல் பெருசாச் செய்யடி" எண்டுதான். 400 எண்ட இலக்கமும் அவ சொன்னதுதான். அவவின்ர சிநேகிதி ஒராள் வைச்சவவாம். அந்தச் சிநேகிதியின்ர உயரம் என்ன, நெஞ்சு அகலம் என்ன எண்டு நான் கேக்கவுமில்லை. தையல்காரி கேட்டிருக்கோணும்.

அரிசிக் கதைக்கு வாறன். பெருசா வைக்க நினைக்கிற பொம்பிளையள் உலகம் முழுக்கச் செய்யிற பரீட்சை இது. வைக்கப் போற அளவுக்கு அரிசியை அளந்து, மெல்லிய காலுறைக்குள்ள போட்டு முடிஞ்சு, பிறாவுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறது. எனக்கு 400 இல 225 போக மிச்சம் 175 மில்லிலீற்றர். சுண்டால அளந்தா கணக்கு வராது. சின்னவனின்ர பழைய பால்போத்தலில கோடு இருந்தது, அதால அளந்தன். ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு சுண்டுக்குக் கொஞ்சம் கூட வந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசி. சிலிக்கன் ஒரு சிசி கிட்டத்தட்ட ஒரு கிராம். அரிசி அதைவிடக் கொஞ்சம் பாரம் குறைவு. அதையும் மனசில வைச்சுக்கொள்ளுங்கோ.

ஒரு கிழமை அதோட மெசினில இருந்து தைச்சனான். முதல் நாள் கண்ணாடியை விட்டு வர மனமில்லை. மூண்டாம் நாள் பின்கழுத்து இழுக்கத் தொடங்கினது. நாள் முழுக்கக் குனிஞ்சிருந்து செய்யிற தொழில், அதைக் கண்ணாடி காட்டாது. அஞ்சாம் நாள் ஒரு கலியாணப் பொம்பிளைக்கு அளவெடுத்துக் கொண்டிருக்க, இடப்பக்க முடிச்சு அவிழ்ந்து போச்சு. முதல் நாலைஞ்சு மணி வெட்டு மேசையில விழுந்தது. நான் குனிய, பிடி அரிசி பொலுபொலுவெண்டு அவவின்ர கூறைத் துணிக்கு மேல. பிள்ளை அரிசியைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா. "கலியாண வீட்டால நேர வாறன் பிள்ளை, அறுகரிசி போட்டவை" எண்டு சொல்லிச் சமாளிச்சன். அண்டைக்கு ஆடி மாசம். ஆடியில எங்க கலியாணம் எண்டு அந்தப் பிள்ளை கேக்காமல் விட்டது என்ர நல்லகாலம்.

அதுக்குப் பிறகுதான் கொழும்புக்குப் போனனான்.

இரவு பஸ்ஸில போய் விடிய இறங்கி, தெரிஞ்ச வீட்டில முகம் கழுவி, ஒன்பது மணிக்குப் போய் நிண்டன். தனியார் இடம். ஏசி, கண்ணாடிக் கதவு, ஓர்க்கிட் பூ, எல்லாம் குறைவில்லை. பாக்கிற காசு 4,000 ரூபா. டொக்டர் என்னோட இருந்தது ஏழு நிமிஷம். சுவர் மணிக்கூட்டைப் பாத்துத்தான் சொல்றன். அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் சந்தைக்குக் காணும், இந்த விஷயத்துக்குக் காணாது. இடையில நிண்டு மொழிபெயர்த்த பிள்ளை நான் நாலு வசனம் சொன்னா ஒரு வசனம்தான் அவருக்குச் சொன்னவா. அவர் ஒரு பெட்டியைத் திறந்து மாதிரி இம்ப்ளாண்டுகளைக் காட்டினவர். நான் 400 எண்டன். அவர் 450 ஐ எடுத்துத் தந்தவர். "எல்லாரும் பேந்து வந்து இன்னும் பெருசா வைச்சிருக்கலாம் எண்டுதான் சொல்லினம், அதால இப்பவே கூட்டி வையுங்கோ" எண்டார். இறுக்கமான வெள்ளை பெனியனுக்குள்ள வைச்சுக் கண்ணாடியில பாத்தன். உண்மையைச் சொல்லோணும், எனக்கு வடிவாத்தான் இருந்தது. அந்த ஏழு நிமிஷத்தில நான் காசு கட்டியிருப்பன்.

ஆனா அவர் என்ர பழைய தழும்பைப் பாக்கேல்லை. கையால தொட்டுப் பாக்கேல்லை. உள்ளுக்கு இருக்கிறது என்ன கம்பனி, தசைக்கு மேலயா கீழயா எண்டு கேக்கேல்லை. ஸ்கான் ஒண்டும் சொல்லேல்லை. "பத்து வருஷம் கடந்திட்டுது, எப்பிடியும் மாத்தத்தான் வேணும்" எண்டதோட முடிச்சிட்டார். வெளியில வர அந்தப் பிள்ளை ஒரு தாளைத் தந்தவா. 9,75,000 ரூபா. வெள்ளிக்கிழமைக்குள்ள முற்பணம் கட்டினா 10 வீதக் கழிவு. எனக்கு அந்த இடத்திலதான் மனம் திரும்பினது. மீன் வாங்கேக்கையே செவுளைத் தூக்கிப் பாத்துத்தான் வாங்கிறனாங்கள். இவர் என்ர உடம்பைத் தூக்கியும் பாக்கேல்லை, கழிவு மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும். ஆடி மலிவு விற்பனைக்கு நானும் போர்ட் போடுறனான்தான், ஆனா அது போன வருஷத்துத் துணிக்கு.

அந்த டொக்டரின்ர கைவேலை எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, அதைப் பற்றி ஒண்டும் சொல்லவும் மாட்டன். ஆலோசனைக்கு நான் போடுறது அஞ்சுக்கு ஒண்டு. அந்த ஒண்டும் கண்ணாடி நல்ல கண்ணாடியா இருந்ததுக்கு.

திரும்பி வந்து முதல் செய்த வேலை கார்ட்டைத் தேடினது. ஒப்பரேஷன் முடியேக்க ஒரு சின்னக் கார்ட் தருவினம். கம்பனி, அளவு, வகை, தொகுதி இலக்கம் எல்லாம் அதில இருக்கும். நான் 2014 இலயே அதைக் கேட்டு வாங்கினதுக்குக் காரணம் பாரிஸில இருக்கிற சித்தி. 2010 இல பிரான்சில பிஐபி எண்ட கம்பனி, உடம்புக்கு வைக்கிற தரமில்லாத, தொழிற்சாலைப் பாவனைச் சிலிக்கனை அடைச்சு வித்தது பிடிபட்டு, முதலாளி 2013 இல நாலு வருஷச் சிறைத்தண்டனையும் வாங்கினவர். சித்திக்கு விஷயம் சொல்லாமல், "அங்க ஏதோ சிலிக்கன் பிரச்சினையாமே" எண்டு கேட்டு வைச்சிருந்தனான். சித்தி அரை மணித்தியாலம் கதைச்சவா. கார்ட் கூறைச்சாறிப் பெட்டிக்கு அடியில, நப்தலின் உருண்டை மணத்தோட கிடந்தது.

அதில நான் பாத்தது ஒரே ஒரு சொல்லை: மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா? 2019 ஜூலையில, மருந்தையும் மருத்துவச் சாமானையும் கண்காணிக்கிற அமெரிக்காவின்ர எப்டிஏ கேட்டு, அலர்கன் கம்பனி தன்ர பயோசெல் எண்ட சொரசொரப்பு வகையை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது. இம்ப்ளாண்டைச் சுத்தி உடம்பு கட்டுற தழும்பு உறைக்குள்ள வாற அரிய நிணநீர்ப் புற்றுநோயோட அந்த வகைக்குத் தொடர்பு கண்டவை. நோய்க்குறி ஒண்டும் இல்லாத ஆக்கள் அதை எடுக்கத் தேவையில்லை எண்டும் அப்பவே சொன்னவை. ஆனா நடுச்சாமத்தில போனில வாசிக்கிற ஆளுக்கு ரெண்டாவது வசனம் கண்ணில படாது. என்னது வழுவழுப்பு, வேற கம்பனி. சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுப்போட்டுப் படுத்தனான்.

2014 இல சென்னைக்குப் போறதெண்டா கொழும்பு போய், கட்டுநாயக்கா போய், ஒரு பகலும் இரவும் அலைச்சல். இப்ப பலாலியில ஏறினா ஒண்டேகால் மணித்தியாலத்தில சென்னை. ஈ விசா, ஒரு சின்னப் பை, "துணி எடுக்கப் போறன்" எண்ட பொய். அது முழுப் பொய்யுமில்லை. தியாகராய நகரில நாலு பிளவுஸ் துணி எடுத்தனான்.

எனக்குப் பழைய டொக்டரிட்டப் போகேலாமல் போச்சு, அவர் தொழிலை விட்டிட்டார். மச்சாள் விசாரிச்சுப் பிடிச்ச இடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதுக்குள்ள ஒரு பிரிவு. கவுண்டரில நிண்ட தம்பி என்ன விஷயம் எண்டு கேட்டவர். பின்னால பத்துப் பேர் வரிசை. எங்கட ஊரில அந்த இடத்துக்குப் பேர் நெஞ்சுதானே. "நெஞ்சில முந்தி ஒரு ஒப்பரேஷன் செய்தனான், அதைத் திரும்பக் காட்டோணும்" எண்டு மெல்லமாச் சொன்னன். தம்பி சீட்டைத் தந்து மூண்டாம் மாடிக்கு அனுப்பினார். அங்க போய் இருந்தா என்னைச் சுத்தி எல்லாரும் அறுபது வயசுக்கு மேல, கையில ஈசிஜி தாள். நேர்ஸ் வந்து என்ர பிறசரையும் எடுத்துப்போட்டுத்தான் கேட்டவா, "பைபாஸா, ஸ்டென்ட்டாம்மா?" அதில போனது முக்கால் மணித்தியாலம். சரியான பிரிவுக்கு வந்த பிறகும் இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருத்தி வைச்சவை. பாக்க நேரம் குடுத்துப்போட்டு ரெண்டு மணித்தியாலம். இதுக்கு மார்க் வெட்டு.

டொக்டர் பொம்பிளை, அம்பதைத் தாண்டினவா. நான் இருந்தோடன கேட்ட முதல் கேள்வி: "கார்டு வச்சிருக்கீங்களாம்மா?" நான் நப்தலின் மணத்தோட எடுத்து நீட்டினன். அதை ரெண்டு பக்கமும் வாசிச்சு, தன்ர கையால பைலில எழுதினவா. அந்த நிமிஷமே என்ர அரைவாசிப் பயம் போட்டுது. பிறகு கேள்விக்கு மேல கேள்வி. பிள்ளை பெத்தது எப்ப, பால் எவ்வளவு காலம், நிறை கூடிக் குறைஞ்சதா, குடும்பத்தில மார்புப் புற்றுநோய் இருக்கா, 43 வயசாகியும் மமோகிராம், அதான் மார்பு எக்ஸ்றே, ஏன் எடுக்கேல்லை. நான் "பேந்து எடுப்பம் எண்டு இருந்தனான்" எண்டன். "பேந்துன்னா?" எண்டா. "பிறகு." "பதினோரு வருஷமா பிறகா?" எண்டு கேட்டுப்போட்டுச் சிரிக்காமல் எழுதினவா. இம்ப்ளாண்ட் இருக்கிற ஆக்களுக்கு மமோகிராம் எடுக்கேக்க அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிச்சு மேலதிகப் படம் எடுக்கோணுமாம். அதால எடுக்கிற ஆளுக்கு முதலே சொல்லிப்போட வேணும், வெக்கப்பட்டு மறைச்சா படத்தில பாதி தெரியாது எண்டா.

பிறகு அளவெடுத்தவா. இதைத்தான் நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போறன், ஏனெண்டா என்ர வாழ்க்கையில என்னை ஒராள் அப்பிடி அளந்து நான் பாத்ததில்லை. நான் எடுக்கிறது சுத்தளவு. அவ எடுத்தது சுத்தளவே இல்லை. கவராயம் மாதிரி ஒரு கருவியால ஒவ்வொரு பக்கத்தின்ர அடி அகலத்தைப் பிடிச்சவா: 12 சென்டிமீற்றர். கழுத்துக்குழியில இருந்து காம்புக்கு நாடா: வலம் 20 அரை, இடம் 21. காம்பில இருந்து கீழ் மடிப்புக்கு: தோலை இழுத்துப் பிடிச்சு ஒருக்கா, விட்டு ஒருக்கா. அந்த இழுத்துப் பிடிச்சதை நான் உடனே விளங்கினன். நானும் துணியைக் குறுக்கால இழுத்துப் பாத்துத்தான் வெட்டுறனான். கடைசியா மேல்பக்கத்துச் சதையை ரெண்டு விரலால கிள்ளி அந்தக் கருவியை வைச்சவா. ஒண்டரை சென்டிமீற்றர். "இதுதான் பிரச்சினை" எண்டா. ரெண்டுக்குக் கீழ எண்டா மேல போர்க்கிறதுக்குச் சதை காணாதாம். இம்ப்ளாண்டின்ர விளிம்பு தெரியும், குனியேக்க தோலில சுருக்கு விழும். பதினொரு வருஷத்துக்கு முதல் தசைக்குக் கீழ வைச்சதாலதான் இப்ப வரைக்கும் தப்பினது.

என்ர தொழிலைக் கேட்டறிஞ்ச பிறகு அவ கதைச்ச விதமே மாறிப் போச்சு. "உங்க பிளவுஸ்ல உள்ள எவ்வளவு துணி மடிச்சு விடுவீங்க?"

"ஒரு இஞ்சி. கலியாணப் பிளவுஸ் எண்டா ஒண்டரை."

"உங்ககிட்ட அரை இஞ்சிதான் இருக்கு. முதல் தடவையே பாதியை எடுத்தாச்சு."

அதுக்கு மேல எனக்கு விளக்கம் தேவையில்லை, ஆனாலும் சொன்னவா. இப்ப வைச்சிருக்கிற அதே வகையில 400 எடுத்தா அடி அகலம் 13 ஐத் தாண்டுமாம். என்ர இடம் 12. மிச்சம் எங்க போறது? வெளியால போனா கை உரசும். உள்ளால போனா நடுவில இருக்கிற பள்ளம் இல்லாமல் ரெண்டும் ஒண்டோட ஒண்டு சேரும், அதைத் திருத்துறது பெரிய பாடு. அகலத்தைக் குறைச்சு முன்னுக்குத் தள்ளுற வகையும் இருக்கு, ஆனா அந்தத் தள்ளல் முழுக்க என்ர மெல்லிசுத் தோலுக்குத்தான். இப்ப ரெண்டு பக்கமும் சேர்த்து 450 கிராம் சுமக்கிறன். அது 800 ஆகும். கீழ் மடிப்பு தாங்காமல் இம்ப்ளாண்ட் கீழ இறங்கினா காம்பு மேல வானம் பாக்கும். பேந்து வேண்டாம் எண்டு சின்னனுக்கு வந்தா, விரிஞ்ச தோலை வெட்டித் தூக்கித் தைக்கோணும், அதுக்குத் தழும்பு வேற. இதெல்லாம் எனக்குத் தொழில் பாசை. ஒரு பிளவுசை ஒருக்கா விரிக்கலாம், சிலதை ரெண்டு தரம் விரிக்கலாம். பிறகு பழைய ஊசி ஓட்டை வெளியில தெரியும், கமுக்கட்டில துணி விட்டுக்குடுக்கும். கொண்டு வாற ஆக்களுக்கு நான் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புறனான். அவை கோபிச்சுக்கொண்டு போவினம். நானும் அந்த அறையில கொஞ்சம் கோபிச்சன்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் அண்டைக்கே எடுத்தது. வெடிப்பு, கசிவு ஒண்டும் தெரியேல்லை. இடப்பக்கம் வலத்தைவிடக் கொஞ்சம் இறுக்கம். தொட்டா விளங்கும், பாத்தா விளங்காது. இறுக்கத்தை ஒண்டில இருந்து நாலு வரை பேக்கர் தரம் எண்டு பிரிப்பினமாம். ஒண்டு மெத்து; நாலு கல்லு மாதிரி, நோவும் இருக்கும், வடிவும் கெட்டுப்போகும். என்ர இடப்பக்கம் ரெண்டு. இப்போதைக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை, பாத்துக்கொள்ளச் சொன்னவா. சிலிக்கன் ஜெல் வகை உள்ளுக்கு வெடிச்சாலும் உப்புநீர் வகை மாதிரிச் சப்பளியாது. மாசக்கணக்கா, வருஷக்கணக்காத் தெரியாமலே இருக்கலாம். அதுக்காகத்தான் வைச்சு அஞ்சாறு வருஷத்தில முதல் ஸ்கான், பிறகு ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா எண்டு எப்டிஏ சொல்லுது. எனக்கு இந்தப் பதினொரு வருஷத்தில ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.

கொழும்பில சொன்ன பத்து வருஷக் கணக்கையும் கேட்டனான். "இது பால் பாக்கெட் இல்லம்மா, தேதி பாத்துத் தூக்கிப் போட." சாகும்வரைக்கும் வைச்சிருக்கிற சாமானும் இல்லை, வருஷம் போகப் போகப் பிரச்சினை வாற சாத்தியம் கூடும், வந்தா மாத்தோணும். வராட்டில் பத்து வருஷம் எண்ட காரணத்துக்காக மட்டும் வெட்டத் தேவையில்லை.

கடைசியில ஒரு தாளில எழுதித் தந்தவா: 275 இல இருந்து 300. "அதுக்கு மேல நான் வைக்க மாட்டேன். வேற யாராவது வைப்பாங்க, நீங்க போகலாம்." 300 எண்டா இப்ப இருக்கிறதைவிட 75 சிசி கூட. நான் சமையல்காரியும்தானே, மனசுக்குள்ள கணக்குப் பாத்தன்: அஞ்சு மேசைக்கரண்டி. அஞ்சு மேசைக்கரண்டிக்குத் திரும்ப மயக்க ஊசியோ? "வித்தியாசம் தெரியுமா?" எண்டு கேட்டன். "உங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது. யாருக்குத் தெரியணும்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கேல்லை. 32 வயசில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு கேக்கேக்க ஏன் எண்டு ஒரு டொக்டரும் கேக்கேல்லை, சிரிச்சுப்போட்டுச் செய்து தந்தவர். 43 இல தெரியட்டும் எண்டு கேட்டாத்தான் விளக்கம் குடுக்கோணும். இதை அவவிட்டயும் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "நியாயம்தான்" எண்டா. ஆனா இலக்கத்தை மாத்தேல்லை.

உடம்பின்ர சொந்தக் கொழுப்பை எடுத்து மேல்பக்கம் நிரப்புற முறையும் இருக்காம். "உங்ககிட்ட எடுக்கக் கொழுப்பு வேணுமே" எண்டு என்ர இடுப்பைப் பாத்தவா. அது அதோட முடிஞ்சுது.

குறையளையும் எழுதோணும். படம் எடுக்கோணும் எண்டு வந்த உதவியாளர் பிள்ளை தன்ர சொந்தப் போனை நீட்டினவா. நான் சட்டையை இழுத்துப் போத்திப்போட்டு, ஆஸ்பத்திரிக் கமரா வராட்டில் படம் இல்லை எண்டன். பத்து நிமிஷத்தில கமரா வந்தது. கேக்காமலே வந்திருக்கோணும். பில்லில அந்தப் படத்துக்குத் தனியா 500 இந்திய ரூபா. சம்மதப் படிவம் முழுக்க இங்கிலீசில. தமிழ்நாட்டில இருந்துகொண்டு தமிழில ஒரு தாள் இல்லை. டொக்டரே வரிவரியாத் தமிழில சொன்னவா எண்டது வேற விஷயம். அவ என்னோட இருந்தது அம்பது நிமிஷம். பாக்கிற காசு 1,200 இந்திய ரூபா, ஸ்கான் தனி.

செலவு கேக்கிற ஆக்களுக்கு: ஒப்பரேஷனுக்கு அவை சொன்னது 2,60,000 இந்திய ரூபா. எங்கட காசுக்கு மாத்தி, பத்து நாள் தங்குற செலவையும் போட்டா கொழும்புக் கணக்குக்குக் கிட்ட வந்திடும். அதால காசு இதில பேச்சில்லை. என்ர யோசினை வேற. முதல் ரெண்டு நாளுக்குள்ள உள்ளுக்கு இரத்தம் கட்டினா உடனே திறக்கோணும். அதுக்குச் சென்னையில இருப்பன். மூண்டாம் கிழமை கிருமி பிடிச்சா? அப்ப நான் மெசினுக்கு முன்னால இருப்பன். இஞ்சத்தை டொக்டருக்குக் கடிதம் தாறன் எண்டா. அந்தக் கடிதத்தைக் கொண்டு போய் ஆரிட்டக் குடுக்கிறது, அந்த வரிசையில எனக்குப் பக்கத்தில ஆர் இருப்பா, எல்லாம் யோசிக்கக் கிடக்கு.

சென்னை ஆலோசனைக்கு அஞ்சுக்கு நாலு. இருத்தி வைச்சதுக்கும் போனுக்கும் சேர்த்து வெட்டினது ஒண்டு. 400 ஐ நான் விட்டிட்டன். மச்சாளுக்கு அது பெரிய கவலை. "300 எண்டா செய்யாமலே விடலாம்" எண்டு சொல்லிப்போட்டு வீடியோவை வெட்டினவா. அவ சொல்றதிலயும் ஒரு சரி இருக்கு. 300 ஐச் செய்யிறதோ, இருக்கிறதோட விடுறதோ எண்டதை மகளின்ர ஓஎல் சோதினை முடியத்தான் பாக்கோணும், அதுவரைக்கும் எனக்குப் படுக்க நேரமில்லை. மமோகிராம் எடுத்தாச்சு, பிழையில்லை. எடுக்க முதல் இம்ப்ளாண்ட் இருக்கு எண்டு சொன்னனான். சொல்லேக்க குரல் கொஞ்சம் அடைச்சது, ஆனா படம் எடுத்த பிள்ளை தலையை நிமித்தியும் பாக்கேல்லை. கார்ட் இப்ப என்ர அடையாள அட்டையோட கைப்பையில இருக்கு.

அரிசியைச் சமைக்க மனம் வரேல்லை. கோழிக்குப் போட்டாச்சு.